வாசல் கிழக்குப் பார்த்த கூடாரம்

"மாமா, நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் எழுந்ததும் ஆவுடையப்பனுக்குப் பதறிவிட்டது.

"இருங்க மாப்பிள்ளை! கல்யாணம் முடிஞ்சு மொதப் பங்குனி உத்திரம். உங்க கைல மண்ணு பட்டா ஊர்ல என்னைக் காறித் துப்பமாட்டானுவளா? ஏ சந்தனம், மாப்பிள்ளை கை சும்மா இருக்கு பாரு!"

மனைவி சந்தனச்செல்வி ஓடிவந்து, மருமகனின் ஒரு கையில் முறுக்கையும் மறு கையில் பதநீர்ச் செம்பையும் திணித்து மறுபடி உட்காரவைத்தாள்.

மணப்பாட்டுக்கு வடக்கே கடலோரத்தில் குலதெய்வம் கோயில். உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தார்ப்பாய் கட்டித் தங்குவது வழக்கம். ஆனால் சம்பந்தி வீட்டாரைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கப்போட்டால், நாளைக்கு மகள் ரம்யாதானே பேச்சு வாங்குவாள்? அதற்காகவே ஆவுடையப்பன், எட்டுப் பேர் படுக்கிற, குகை மாதிரி நீண்ட கூடாரம் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்திருந்தார். பொழுது சாய்வதற்குள் அது நின்றாக வேண்டும்.

கட்டும் விதம் கூடாரக் கம்பெனியின் வீடியோவில் இருந்தது. சம்பந்தியம்மா சீனித்தாய் போனைப் பிடித்துக்கொண்டாள். அதில் பேச்சு இல்லை, முகம் இல்லை. எழுத்தும் இரண்டு கைகளும்தான்.

"கம்பியை வளைச்சுத் துணிக்குள்ள செருகணுமாம் அண்ணாச்சி."

"பந்தக்கால் நாட்டாம என்னத்தச் செருக, தங்கச்சி?"

கம்பிக்கு மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, ஈசானிய மூலையில் ஊன்றிக் கும்பிடக் குனிந்தார். வளைவதற்கென்றே பிறந்த கம்பி, அவர் நடுமண்டையில் ஒரு போடு போட்டு ஆசீர்வதித்தது.

"மாமா, அது வந்து..."

"முறுக்கைத் தின்னுங்க மாப்பிள்ளை."

"அப்பா, அவுககிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் ரம்யா.

"ஏளா, நீ சும்மா இரி! கோயம்புத்தூர்ல ஏசி ரூம்ல மார்க்கெட்டிங் வேலை பாக்கவுகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

எதை மார்க்கெட்டிங் செய்கிறார் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. சம்பந்தம் பேசும்போது ஜாதகத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

ஒருவழியாகக் கம்பிகள் துணிக்குள் நுழைந்தன. "பின்பக்கம் காத்தைப் பாத்து இருக்கணுமாம்" என்று வாசித்தாள் சீனித்தாய்.

"வாசல் கெழக்க பாக்காண்டாமா? எனக்கு வாஸ்து சொல்ல வந்துட்டான்! அந்தக் கையைப் பாருங்க தங்கச்சி. உப்பு மூட்டை தூக்குன கையா அது? இதுல மோதிரம் வேற! பித்தளை, பாத்தாலே தெரியுது. எந்தக் கஞ்சப்பய வீட்டுச் சரக்கோ!"

சீனித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் கிழக்குப் பார்த்தது. கிழக்கே கடல். கடற்காற்று அழைக்காமலே உள்ளே வந்தது. வெளியே போக வழியில்லாமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டே கிளம்பப் பார்த்தது. அறைந்த முளைகள் மணலிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டன.

"கனமா எதுலயாவது கட்டணும்!" என்று சுற்றுமுற்றும் பார்த்தார் ஆவுடையப்பன். சாமிக்கு நேர்ந்த கிடா, காலையிலிருந்து நின்ற இடத்தைவிட்டு அசையாமல் நின்றது. கூடாரக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, மிச்சத்தைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

துணி 'படார்' என்று ஒரு அடி அடித்தது. கிடா திரும்பிப் பார்த்தது. தன்னை விழுங்க ஒரு குகை வாயைப் பிளந்துகொண்டு வருவதைக் கண்டது. அப்புறம் நிற்குமா? முன்னால் கிடா, நடுவில் ஆவுடையப்பன், பின்னால் கூடாரம். பொங்கல் அடுப்புப் பக்கம் போனதும் கிடாவின் கழுத்திலிருந்து கயிறு நழுவி, கூடாரம் அவரை மொத்தமாகப் போர்த்திக்கொண்டது.

"சந்தனம்! இருட்டிப்போச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

முளைகளை அறையும் சத்தம் கேட்டது. துணி தானாக எழும்பியது. வெளிச்சம் தெரிந்த பக்கமாய்த் தவழ்ந்து வெளியே வந்து பார்த்தால், முதுகைக் காற்றுக்குக் காட்டிக் கல்யாண மண்டபம் போல் நிற்கிறது கூடாரம். வாயில் முறுக்கோடு கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பலே மாப்பிள்ளை! உட்காந்த இடத்துலயே அந்த வீடியோவைப் பாத்துப் படிச்சுட்டீங்களே!"

சீனித்தாய் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அவன் பாத்துப் படிக்கணுமா அண்ணாச்சி? அந்தப் பித்தளை மோதிரம், கல்யாணத்தன்னைக்கு எம்மவன் விரல்ல நீங்க போட்டதுல்லா?"