கலப்பத்தர் அடைத்த ஓட்டைகள்

உலகத்தில் எத்தனையோ பேர் கார் வைத்திருந்தார்கள். ஆனால் தன் சொந்தக் காருக்குள்ளே மீன் பிடித்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கலப்பத்தர்.

மீன் என்றதும் பாரை, சீலா என்று கற்பனை பண்ணிக்கொண்டு போய்விடாதீர்கள். விரல் நீளத்தில் ஒரு திரளிக் குஞ்சு. அது எப்படிக் காருக்குள் வந்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன். முதலில் ஆளைச் சொல்லவேண்டும்.

அறுபதுகளின் நடுவில் நான் புங்குடுதீவில், இறுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்தைந்து. உலகத்தில் எல்லாவற்றுக்கும் விடை உண்டு, அது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது என்று நம்பிய வயது. என் வீடு ஊர்காவற்றுறையில். வெள்ளிக்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டால் கலப்பத்தரின் வாடகைக் கார்தான் கதி. பஸ்ஸை நான் அநேகமாகத் தவறவிடுவேன்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மரவள்ளத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளியால் இறுக்கி, அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசித் தண்ணீர் வராமல் அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். முப்பது வருடம் அந்த வேலை பார்த்ததால் அவர் கலப்பத்தர். ஐம்பது வயதில் முழங்கால் கடலோடு கோபித்துக்கொண்டது. தன்னிடமிருந்த சிறு வள்ளத்தை விற்றுவிட்டு ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாங்கினார்.

ஆள் கரையேறினாரே தவிர அவருடைய வாய் கரையேறவில்லை. காரின் முன்பக்கம் அவருக்கு வள்ளத்தின் முன்பக்கம்போல அணியம். காரை அவர் நிறுத்தமாட்டார், கட்டுவார். "சந்தியில கட்டிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்பார். பிறேக் பழுதாகிக் கிடந்த ஒரு மாதம், உண்மையாகவே பூவரச மரத்தில் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தார்.

அந்தக் கார் ஒழுகும். கொஞ்ச நஞ்சமல்ல. முன்கண்ணாடி ஓரத்தால் ஒழுகும், கூரையின் பொருத்தால் ஒழுகும், கதவுக் கண்ணாடி இடுக்கால் ஒழுகும். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே அரைமணித்தியாலம் பெய்யும்.

நான் முதல்முறை மழைக்குள் ஏறியபோது முன் சீற்றின் கீழே ஒரு பனையோலைப் பட்டை கிடந்தது.

"இது என்னத்துக்கு அண்ணை?"

"இறைக்கத்தான், மாஸ்ரர். முன்னுக்கு இருக்கிறவர் இறைக்கோணும், பின்னுக்கு இருக்கிறவர் எனக்குக் குடை பிடிக்கோணும். வள்ளத்தில சும்மா குந்திக்கொண்டு போற ஆக்கள் உண்டே?"

"இது கார் அல்லே?"

"தண்ணிக்கு அது தெரியுமே? வாயைப் பாத்துக்கொண்டிராமல் இறையும்."

இறைத்தேன். ஊர்காவற்றுறையில் இறங்கியபோது எனக்குக் கைச்சுளுக்கு. வீட்டில் அம்மா, பிள்ளைகளுக்கு அடித்துத்தான் கை சுளுக்கியது என்று முடிவு கட்டி, ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. அனலைதீவுப் பெரியவர் ஒருவர் வந்து கெடுத்தார். ஐப்பசி மழையில் ஒருநாள், ஒரு கட்டுப் புகையிலையோடு அவர் ஊர்காவற்றுறைத் துறையில் வந்து இறங்கி, கலப்பத்தரின் காரில் ஏறியிருக்கிறார். இறுப்பிட்டிச் சந்தியில் இறங்கும்போது புகையிலைக் கட்டிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சந்தியில் நின்ற அத்தனை பேரும் கேட்க அவர் சத்தம் போட்டார்.

"அனலைதீவில இருந்து கடலால வந்தனான். ஒரு பொட்டு நனையேல்லை. இந்தக் காரில ஏறின இடத்திலதானே நனைஞ்சு துலைஞ்சனான்!"

சந்தி சிரித்தது. நானும் சிரித்தேன். கலப்பத்தர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை காரணம் சொன்னார்.

"அவர் வந்த வள்ளம் ஆர் கலப்பத்துப் பாத்தது எண்டு தெரியுமே, மாஸ்ரர்? நான்."

அவர் முகம் அப்படி வாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தையற்காரன் கிழிசல் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும் அவருக்கு. மறுநாளே காரின் ஒழுக்கை அடைப்பது என்று கிளம்பிவிட்டார்.

வள்ளத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வள்ளத்தைக் கரையில் ஏற்றி, உள்ளே தண்ணீரை ஊற்றிவிட்டு, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். கலப்பத்தரும் அதைத்தான் செய்தார். தீவில் நல்ல தண்ணீர்க் கிணற்றில் காருக்காக வாளி போட்டிருந்தால் பெண்கள் அவரை அந்தக் கிணற்றிலேயே இறக்கியிருப்பார்கள். ஆகவே காரைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், கதவுகளைப் பூட்டிவிட்டு, ஜன்னலால் கடல் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். அந்த வாளியொன்றில் வந்ததுதான் நான் சொன்ன திரளிக் குஞ்சு. பின் சீற்றின் கீழே அது நீந்தியதை என் கண்ணால் கண்டேன். கலப்பத்தர் அதைக் கையால் பிடித்துக் கடலில் விட்டார்.

சற்று நேரத்தில் காரின் அடியில் படுத்திருந்தவர் கூச்சல் போட்டார்.

"ஐயோ மாஸ்ரர், ஓடி வாரும்! இந்த அநியாயத்தை வந்து பாரும்!"

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு ஓட்டை. காரின் தரையிலும் நாலு ஓட்டை. எல்லாவற்றாலும் கடல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"காரைச் செய்தவன் அடியில ஓட்டை விட்டல்லோ வித்திருக்கிறான்! அடியில ஓட்டை இருந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்?"

"அண்ணை, அது ஒழுக்கு இல்லை. மேலால வாற தண்ணி கீழால போறதுக்கெண்டு வேணுமெண்டே விட்ட ஓட்டை."

அவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தண்ணி போற ஓட்டையால தண்ணி வராதோ?"

என் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இதற்கு விடை இல்லை. கலப்பத்தர் பஞ்சு, உளி, குங்கிலியச் சட்டி எல்லாவற்றையும் எடுத்தார். மூன்று நாள் வேலை. அடியில் இருந்த ஓட்டை ஒன்று விடாமல் அடைத்து, மேலே தாரும் பூசினார். முன்கண்ணாடி ஓரத்திலும் கூரைப் பொருத்திலும்கூடக் குங்கிலியம் வைத்தார். மேலே வைத்தது நாலு நாள் வெயிலில் வெடித்து உதிர்ந்துபோயிற்று. கீழே வைத்ததோ கல்லாக இறுகிவிட்டது. அதன் பிறகு மூன்று கிழமை மழை வரவில்லை. "பாத்தீரே, ஒரு சொட்டு உள்ளுக்கு இல்லை!" என்று சந்தியில் நின்று மார்தட்டினார்.

மார்கழி வந்தது. மார்கழியில் இரண்டு வரும்: மழை, சாதாரண தரச் சோதினை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் எழுதினார்கள். கடைசி நாள் கணக்கு. நான் முதன்முதலாகப் படிப்பித்து அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். விடைத்தாள்களை இரண்டு கட்டாகக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, ஐந்து மணிக்கு முன் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் ஒப்படைக்கவேண்டும். நனைந்து மை கரைந்தால் நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரு வருடம் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பரீட்சை மேற்பார்வையாளர், எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர், வாசலில் நின்று மணிக்கூட்டையும் மழையையும் மாறிமாறிப் பார்த்தார். வருவதாக இருந்த ஜீப் வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. வந்தது கலப்பத்தர்.

"ஐயா, பயப்படாமல் ஏறுங்கோ. இது இப்ப கார் இல்லை, கப்பல்."

மேற்பார்வையாளர் கட்டுகளோடு பின்னால் ஏறினார். நான் வழக்கம்போல முன்னால். கார் புறப்பட்டுச் சற்றுத் தூரம் போனதும் கலப்பத்தர் மெதுவாகக் கேட்டார்.

"மாஸ்ரர், எங்கட பூரணத்தின்ர பேப்பர் எந்தக் கட்டுக்குள்ள?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தி அவர் மகள் பூரணம். ஒரு வருடமாகப் பள்ளி விட்ட பிறகும் தங்கி நின்று என்னிடம் கணக்குப் படித்தவள்.

"எல்லாம் கலந்துதான் கிடக்கும், அண்ணை. தெரியாது."

"அப்ப ரெண்டையும் நனையாமல் பாக்கோணும்" என்றார்.

மழையோ பழிவாங்குவதுபோல் பெய்தது. மேலே இருந்த வழிகள் எல்லாவற்றாலும் தண்ணீர் உள்ளே வந்தது. வெளியே போக ஒரு வழியும் இல்லை. ஒரு தொட்டிக்குள் இத்தனை குழாயால் தண்ணீர் வருகிறது, போகும் குழாய் அடைபட்டிருக்கிறது, தொட்டி எத்தனை நிமிடத்தில் நிரம்பும் என்று எத்தனை தரம் கரும்பலகையில் கணக்குப் போட்டிருப்பேன்! அந்தத் தொட்டிக்குள்ளே நானே உட்கார்ந்து போவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கடலுக்குக் குறுக்கே வேலணைக்குப் போட்ட தாம்போதித் தெருவில் ஏறியபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது. கதவுகளுக்குள்ளே நிறைந்த தண்ணீர் குடத்துக்குள் ஆடுவதுபோல் ஆடியது. கலப்பத்தர் பிறேக் பிடித்தால் அலை முன்னால் வந்து என் முழங்காலில் அடிக்கும். விட்டால் பின்னால் போய் மேற்பார்வையாளரை அடிக்கும். நான் ஜன்னலைத் திறந்து இறைத்தேன். ஒரு பட்டை தண்ணீர் வெளியே போக, இரண்டு பட்டை மழை உள்ளே வந்தது. பின்னால் மேற்பார்வையாளர் ஒரு கையால் குடையும், மறு கையால் தலைமேல் கட்டுகளுமாக, கோவிலில் நேர்த்தி வைத்தவர்போல் இருந்தார்.

"கதவைத் திறந்து விடும் காணும்!" என்று கத்தினார்.

"திறந்தால் காத்துக் கதவைப் பிடுங்கிப்போடும் ஐயா. மழை நேர பேப்பரில விழும்."

"என்ரை கை விடப்போகுது!"

தாம்போதியின் நடுவில், பாரம் தாங்காமல் எஞ்சின் இருமத் தொடங்கியது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் எங்கள் குளம். நான் கலப்பத்தரைப் பார்த்தேன். அடியில் அடைத்ததைத் திறவுங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் சொல்ல மனம் வரவில்லை. வள்ளத்தின் அடியில் ஓட்டை போடுவதைவிடப் பெரிய பாவம் அவருடைய தொழிலில் கிடையாது. அதுவும் தன் கையால் அடைத்த அடைப்பை!

அவர் காரை நிறுத்தினார். சீற்றின் கீழே கைவிட்டு உளியை எடுத்தார்.

"மாஸ்ரர், நீர் சொன்ன விசயம் சரி போல கிடக்கு" என்றார். சொல்லிவிட்டு, காற்றோடு மல்லுக்கட்டிக் கதவைத் திறந்து, இறங்கி, உடனே அடித்துச் சாத்தினார். அந்த முழங்காலோடு, அந்த மழையில், தெருவில் மல்லாந்து படுத்துக் காரின் அடியில் புகுந்துவிட்டார்.

டக், டக் என்று காலுக்குக் கீழே சத்தம் கேட்டது. முதல் ஓட்டை திறந்தது. அதற்குள் சேர்ந்த அழுக்குத் தண்ணீர் முழுவதும் அவருடைய முகத்தில்தான் கொட்டியிருக்கும். ஒரு தும்மல் கேட்டது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அதன் பிறகு நாலு கதவுகளுக்கும் கீழே ஒவ்வொன்றாக. உள்ளே தண்ணீர் என் கண் முன்னாலேயே இறங்கிப் போயிற்று. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

பின்னால் திரும்பிப் பார்த்தால், மேற்பார்வையாளர் கோட்டைக் கழற்றி, இரண்டு கட்டுகளையும் அதற்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருக்கையில் தபால் கந்தோருக்குள் நுழைந்தோம். நாங்கள் மூவரும் நின்ற இடமெல்லாம் வெள்ளம். கட்டுகள் மட்டும் நனையவில்லை. தபாலதிபர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, கடலால வந்தனீங்களோ?"

"கடல் எங்களோட வந்தது" என்றார் கலப்பத்தர்.

பெறுபேறு வந்த நாளில் அவர் பள்ளிக்கூட வாசலில் காரைக் 'கட்டி'விட்டு நின்றார். பூரணத்துக்குக் கணக்கில் திறமைச் சித்தி. சொன்னேன். தலையாட்டினார். "மற்றப் பிள்ளையள்?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று பேருடைய முடிவையும் ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லி, கடைசிப் பெயர்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு அந்தக் கார் பழையபடி தாராளமாக ஒழுகியது. கலப்பத்தர் கூரையில் தார் பூசினார், கண்ணாடியில் மெழுகு வைத்தார், என்னென்னவோ பண்ணினார். அடியில் மட்டும் கை வைக்கவில்லை. "ஏன் கலப்பத்தர், அடியில ஓட்டை தெரியுதே, அடைக்கேல்லையோ?" என்று யாராவது சீண்டினால், "அது பிள்ளையளின்ர ஓட்டை. அதை ஒருத்தரும் தொடப்படாது" என்பார்.

பல வருடம் கழித்து நானும் ஒரு கார் வாங்கினேன். முதல் மழைக்கே ஒழுகியது. வீட்டில் எல்லோரும் என்னைத் திட்ட, நான் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், முழங்காலிட்டு, கதவின் அடியில் ஓட்டை திறந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. தண்ணீர் என் விரல்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த மனிதரில் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அவருக்கு ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.