பால் பொங்கிய நேரத்தில் பேசிய கைப்பேசி

கட்டின மனைவிக்குப் புருஷன் எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. காரும் கூடாது, இங்கிலீஷும் கூடாது. நான் இரண்டாவதில் மாட்டினேன்.

கவிதா கல்யாணமாகிக் காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் வந்த புதிது. இங்கிலீஷ் படித்து வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். நான் சொல்லிக் கொடுத்த முதல் வாரமே பேச்சுவார்த்தை நின்றுபோனது (உச்சரிப்பைத் திருத்தினேன், அவ்வளவுதான்!). அதனால் அவள் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்துப் பேராசிரியர் தோரணையில் ஆரம்பித்தேன்.

"இனிமே நீயே படிச்சுக்கலாம். புதுச் சொல், அதோட அர்த்தம், அப்புறம் உன் சொந்த வாழ்க்கையிலேர்ந்து ஒரு வாக்கியம். உன் குரல்லயே பதிவு பண்ணு. அப்பத்தான் மனசுல நிக்கும்."

"யாரைப் பத்தி வேணும்னாலும் சொல்லலாமாங்க?"

"தாராளமா! யாரு கேக்கப் போறா?"

மறந்துவிடக் கூடாதே என்று, தினமும் காலை ஒன்பது மணிக்கு பதிவானதை அது தானாகவே பேசும்படியும் செய்து வைத்தேன். (அறிவுக்கொழுந்து!)

அப்போது என் அக்கா பொங்கோலில் புது வீடு வாங்கினாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் ஓர் அதட்டல் போட்டால் லிஃப்டே நின்றுவிடும். அண்ணி என்று கூப்பிடும் அவளிடம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டுமே என்று கவிதாவுக்கு ஒரே தவிப்பு. பால் காய்ச்சும் அன்று தேக்கா மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு போனோம். நல்ல நேரம் ஒன்பதுக்கு. நான் என் கைப்பேசியில் வீடியோ எடுக்க, கவிதாவுடையது பெரிய ஸ்பீக்கர் வழியாக நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

சொந்தபந்தமெல்லாம் அடுப்பைச் சுற்றி நிற்க, பால் பொங்கி வந்தது. சட்டென்று நாதஸ்வரம் நின்றது. கவிதாவின் குரல் கணீரென்று கேட்டது.

"பாஸி. எல்லாரையும் அதட்டி வேலை வாங்குறவங்க. எங்க அண்ணி ரொம்ப பாஸி."

ஐயையோ! பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தேன். பதற்றத்தில் கூட்டிவிட்டேன்.

"ஸ்னோர். குறட்டை. என் வீட்டுக்காரர் ஸ்னோர் பண்ணா சுவர் அதிரும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவிதாவின் கண்ணில் நீர் முட்டி நின்றது. அக்கா அசையவில்லை. பால் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"நெர்வஸ். படபடப்பு. அண்ணி எதிர்ல நான் நெர்வஸ். அவங்களுக்கு என்னைப் பிடிக்கணும் சாமி."

அக்கா அடுப்பை அணைத்தாள். கவிதாவைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்து ஓர் அதட்டல்.

"யாருலா பாஸி? என்ன வேடிக்கை? எல்லாரும் போய் உக்காருங்க, சாப்பிடுங்க! கவிதா, நீ என் பக்கத்துல உக்காரு!"

இப்போது கவிதா வேலைக்குப் போகிறாள். எங்கள் வீட்டில் யார் அதட்டினாலும், "மணி ஒன்பது ஆயிடுச்சா?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். அக்காவும் கவிதாவும் இப்போது ஒரே கட்சி. போன வாரம் காலை ஒன்பதுக்குக் கவிதாவின் கைப்பேசி அக்காவின் குரலில் பேசியது.

"ஹோப்லெஸ். உருப்படாதவன். என் தம்பி ஹோப்லெஸ்."

சொந்த வாழ்க்கையிலிருந்து வாக்கியம் சொன்னால் மனசில் நிற்கும் என்று நான்தானே சொன்னேன். நன்றாகவே நிற்கிறது.