பாஞ்சாலியின் அலறல்

நாற்பது பேர் உட்காரும் இடத்தில் இருபதே தலைகளைப் பார்த்ததும் கஸ்தூரிரங்கன் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலுள்ள தமிழ் மன்றத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் போடுவது அவர் பொறுப்பு. பொறுப்பு என்ன, உயிரே அதுதான். ஒரே படத்தைப் பதினொரு தடவை போட்டும் கூட்டம் குறைந்ததில்லை. பேய் வருவதற்கு முன்பே கடைசி பெஞ்சிலிருந்து பாஞ்சாலி அலறுவாள். ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோக்காரப் புருஷன் கிருஷ்ணப்பாவோடு தவறாமல் வருகிறவள். அந்த அலறலைக் கேட்டால்தான் அவருக்குப் பிறவிப் பயன். "கிளாசிக்னா இதுதான் சார்" என்று மன்றத் தலைவர் சந்தானத்திடம் மார்தட்டிக்கொள்வார்.

போன மாதம் யாரோ முதுகு வலிக்கிறது என்றார்கள். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். பெஞ்சுகளைத் தூக்கிவிட்டு, கைப்பிடி வைத்த மெத்தை நாற்காலிகளைப் போட்டார். பலன், இந்தப் பாதிக் கூட்டம்.

படம்தான் பழசாகிவிட்டதோ என்று மறுமாதம் வண்ணம் பூசிய பிரதியைக் கொண்டுவந்தார். பேயின் வெள்ளைப் புடவை ரோஸ் கலரில் வந்தது. இரண்டு பெண்கள் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார்கள். பாஞ்சாலி கொட்டாவி விட்டாள். மொத்தம் பன்னிரண்டு பேர்.

இருட்டில் தடுக்கி விழப் பயப்படுகிறார்களோ என்று அதற்கடுத்த மாதம் சுவரெல்லாம் விளக்கு போட்டார். வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் தூங்குவதற்கென்றே வந்தவர். பாஞ்சாலியைக் காணோம்.

"இனிமே ஞாயித்துக்கிழமை ஹாலை யோகா கிளாஸுக்குக் கொடுத்துடப் போறேன்" என்றார் சந்தானம்.

கஸ்தூரிரங்கன் அப்போதே ஆஸ்டின் டவுனுக்கு ஓடினார். ஒற்றை அறை வீடு. கட்டிலில் மாமியார், தரையில் மூன்று பிள்ளைகள், மூலையில் ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று கெஞ்சினார்.

"பேய்கிட்ட என்னம்மா குறை? சொல்லும்மா, வேற பேய் கொண்டுவரேன்."

கிருஷ்ணப்பா அவசரமாக ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். பாஞ்சாலி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பேய்க்கு யாரு சார் பயந்தாங்க? இந்த ஊட்டுல அவர் பக்கத்துல குந்தக்கூட முடியாது. மாசத்துல ஒரு நாள், இருட்டுல, பயந்தாப்பல அவர் தோள்ல சாஞ்சுக்குவேன். எங்க தெருப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் அதேதான். நீங்க நடுவுல கைப்பிடிய வச்சு, மேல லைட்டையும் போட்டுட்டீங்க. அந்தப் பழைய பெஞ்சைப் போடுங்க சார், எத்தினி வாட்டி வேணும்னாலும் வந்து கத்தறேன்."