இருநூறு கிலோமீட்டரும் பதினோரு நிமிடமும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஆகப்போகிறவர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் தங்கள் வருங்கால மருமகளும் நலம். என் நலம் மட்டும் இடுப்புக்கு மேலே. அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும், தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். இதை ஃபிரிட்ஜின் தலைமேல் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். ஆறு நாளாக என்னால் உட்கார முடியவில்லை.

விஷயம் இதுதான். என் சைக்கிளை நாளை பார்சலில் தங்களுக்கே அனுப்பி வைக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் தகுந்தவர் யாருக்காவது கொடுத்துவிடவும். காரணம் எழுதாமல் அனுப்பினால் கல்யாணப் பேச்சில் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துவிடுவீர்கள். ஆகவே நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் தாங்களே முடிவு செய்துவிட்டு நம்மை அறிமுகப்படுத்திய அந்த ஞாயிற்றுக்கிழமையில், பெரியவர்கள் நால்வரும் எதிரெதிரே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாங்கள்தான் பெருந்தன்மையோடு, "உங்களுக்கு சைக்கிள் பழக்கம் உண்டா?" என்று கேட்டீர்கள். நான், "தினமும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இருபத்தேழு வருடமாக மேலே போகிறேன், கீழே வருகிறேன். பக்கவாட்டில் நான் போன அதிக தூரம் பேருந்து நிறுத்தம் வரைதான். ஆனால் வாயை விட்டுப் போன வார்த்தை போனதுதான். அடுத்த வாரமே தாங்கள் போன் செய்து, "சைக்கிள் ஓட்டம் ஒண்ணுக்கு ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். இருநூறு கிலோமீட்டர், பதிமூணரை மணி நேரத்துல முடிக்கணும். உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றீர்கள். "ஒண்ணுமே இல்ல" என்று நானும் சொன்னேன்.

"போன் பண்ணி உண்மையச் சொல்லிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் என் மனைவி.

"பொண்ணு போற வீடு. நான் சொன்ன முதல் வார்த்தையே பொய்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

"அதுக்காக இருநூறு கிலோமீட்டரா?"

சைக்கிள் வாங்கி ஐந்து வாரம் பழகினேன். என்ன பழகி என்ன. அன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பியபோது தங்கள் முதுகைத்தான் பார்த்தேன், அதுவும் முதல் திருப்பம் வரை. முதல் சிக்னலிலேயே விழுந்தேன். ஓடும்போது அல்ல, நின்றபோது. பெடலோடு பூட்டிக்கொள்ளும் அந்த ஷூவைக் கழற்றத் தெரியாமல், வெட்டிய மரம் மாதிரி மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தேன். போக்குவரத்துக் காவலர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வைத்துவிட்டு என் காலைப் பிடித்துத் திருகி விடுவித்தார். நாற்பதாவது கிலோமீட்டரில் அடுத்த பாடம். மெத்தை வைத்த கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை போடக் கூடாதாம். கடையில் யாருமே இதைச் சொல்லவில்லை. சங்கோஜப்பட்டிருப்பார்கள். அந்த சங்கோஜத்தின் தையல் ஒவ்வொன்றும் எங்கே பதிந்திருக்கிறது என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

முன்னால் போகிறவரை ஒட்டிப் போனால் எதிர்காற்று குறையும் என்று படித்திருந்தேன். மதியத்தில், மஞ்சள் சட்டையில் அகலமான முதுகு ஒன்று கிடைத்தது. பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பினால் திரும்பினேன், வேகம் எடுத்தால் மூச்சிரைக்க நானும் எடுத்தேன். பதினோரு கிலோமீட்டர். ஓர் இரும்புக் கேட்டுக்குள் நுழைந்தார், நானும் நுழைந்தேன். அவர் இறங்கி, "யார் சார் நீங்க? ஏன் என் பின்னாடியே வர்றீங்க?" என்று கேட்டார். அது ஒரு பெயின்ட் தொழிற்சாலை. அவர் இரண்டு மணி ஷிஃப்டுக்கு வந்தவர். காவலாளி என்னைச் சும்மா வெளியே விடவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார். 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் 'யாரையும் இல்லை' என்று எழுதிவிட்டு, வந்த பதினோரு கிலோமீட்டரையும் எதிர்காற்றில் திரும்ப மிதித்தேன்.

நூற்றைம்பதாவது கிலோமீட்டர் வாக்கில் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. ஒரு பேருந்து நிறுத்தத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். பேருந்து ஒன்று தானாகவே வந்து நின்றது. "ஏறுறீங்களா? சைக்கிள மேல போட்டுக்கலாம்" என்றார் நடத்துநர். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். மறைக்கவில்லை, வைத்துவிட்டேன். முடியும் இடத்துக்குக் கிட்டே இறங்கி ரெண்டு தெரு மிதித்து வந்து சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. அப்போதுதான் என் மகள் ஞாபகம் வந்தது. 'தினமும்' என்று நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வாரமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாள். படியிலிருந்து காலை எடுத்தேன். "வரல, நீங்க போங்க" என்றேன். பேருந்து போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். முழங்கால் வலியும் ஒரு காரணம்.

பிறகு நடந்தது தாங்கள் அறிந்ததே. ஏழரைக்கு முடிய வேண்டியது, ஏழு நாற்பத்தொன்றுக்கு வந்தேன். வந்து சேர்கிறவர்களின் அட்டையில் முத்திரை குத்தும் அம்மாள் மேஜை விரிப்பைக்கூட மடித்துவிட்டார். அவரைப் போகவிடாமல் தாங்கள் ஒரு காகிதத்தைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு வரி படிங்கம்மா, இது தெளிவா தெரியுதா?" என்று கண் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தீர்கள். அவர் என்னைப் பார்த்து, "பதினோரு நிமிஷம் லேட் சார். கணக்குல வராது" என்றார். நியாயம்தான். தாங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். பாதி குடித்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"நான் சைக்கிள் ஓட்டுறவன் இல்லைங்க. அன்னிக்குச் சொன்னது பொய்."

"தெரியும்" என்றீர்கள்.

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னிக்கே. நீங்க 'தினமும்'னதும் உங்க பொண்ணு சடக்குனு திரும்பிப் பார்த்துச்சே."

"அப்புறம் ஏன் பேர் குடுத்தீங்க?"

"வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ஒண்ணுமே இல்லன்னுட்டீங்க. அதுக்கு மேல எப்படிப் பின்வாங்கறதுன்னு எனக்கும் தெரியல."

இதற்கு மேல் ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? என் பெண்ணைப் பற்றிய கவலை அந்த இடத்திலேயே தீர்ந்தது. ஆனால் அதோடு முடிந்திருந்தால் நான் சைக்கிளை அனுப்ப மாட்டேன்.

இந்தப் பத்தியைப் பதினோராவது மாடிக்கு மேலே, மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் எழுதுகிறேன். வீட்டில் நிற்க முடியவில்லை. வியாதி உடம்பில் அல்ல, காலில். காலை ஐந்து மணிக்குத் தானாக முழித்துக்கொள்கிறது. நின்றபடி சாப்பிடும்போதும் தரையை மிதிக்கிறது. இன்று வேலைக்கு வந்து லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினேன். ஐந்தாவது மாடிக்காரர் பார்த்துவிட்டு, "லிஃப்ட் ரிப்பேரா?" என்றார். "நல்லாத்தான் ஓடுது" என்றேன். பழுது பார்க்கிறவனே ஏறவில்லை என்றதும், அவரும் பையோடு படியில் இறங்கத் தொடங்கிவிட்டார். மதியத்துக்குள் கட்டடமே படியில் போகிறது. இப்படியே போனால் என் பிழைப்பு என்ன ஆவது? கண் முன்னால் சைக்கிள் இருக்கும்வரை இந்தப் பரபரப்பு அடங்காது. ஆகவே தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும். இனி ஜென்மத்துக்கும் சைக்கிள் ஓட்ட அழைக்கவும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் மனமார்ந்த ஆசிகள். தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். தங்கள் வீட்டில் என்றும் நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே
தங்கள் சம்பந்தி ஆகப்போகிறவன்

பி.கு.: சைக்கிளை அனுப்பவில்லை. பார்சல் அலுவலகம் வரைதானே, உருட்டிக்கொண்டு போவதற்குப் பதில் ஓட்டிக்கொண்டே போகிறேன் என்று காலையில் என் மனைவி கிளம்பினாள். ஒன்றரை மணி நேரமாகக் காணோம். நானும் மகளும் தெருமுனை வரை போய்த் தேடினோம். முகமெல்லாம் சிவந்து, சைக்கிளோடு திரும்பி வந்தாள். "சும்மா, ஆத்துப் பாலம் வரைக்கும் போய்ட்டு வந்தேன். அங்கேர்ந்து ரோடு ரொம்ப நல்லாருக்கு" என்கிறாள். அடுத்த சைக்கிள் ஓட்டம் எப்போது என்று தங்களிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள். அந்தச் சைக்கிளின் உயரம் அவளுக்கு அளந்து செய்தது போல இருக்கிறதாம். எனவே எனக்கு வேறொன்று பார்த்துச் சொல்லவும். சீட் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.