பரம ரகசிய ஃபோல்டர்

பொதுமக்களின் மனக்குறைகளைக் கனிவுடன் கேட்டறியும் பொருட்டு, குறைகேட்பு அலுவலகம் ஓர் இணையதளம் நடத்திவந்தது. "புகார்தாரரின் பெயர் பரம ரகசியமாகக் காக்கப்படும்" என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. எழுதியவர் அங்கே வேலை பார்த்த புரோகிராமர்தான். தான் எழுதியதைத் தானே நம்பிய அபூர்வப் பிறவி அவர். அந்த நம்பிக்கையில், மீட்டிங்கில் குறட்டை விடும் தன் இயக்குநர் மேலேயே ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு புகாரைத் தட்டிவிட்டார்.

"பேரைப் போடாதீங்க. வேலைக்கே உலை வெச்சிடுவாங்க," என்றாள் மனைவி.

"பேர் இல்லாம அனுப்பவே முடியாது. நான்தானே அப்படிச் செஞ்சு வெச்சேன்."

மறுநாள் ஏதோ சோதிக்கப் போய், தளத்தின் முகவரிக்குப் பின்னால் புகார்கள் சேரும் ஃபோல்டரின் பெயரை மட்டும் தட்டினார். ஐயோ! மொத்தப் புகார்களும் கடைவிரித்துக் கிடந்தன. பாஸ்வேர்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தளத்தை முதலில் கட்டிய புண்ணியவான், எடுக்க வைக்க வசதியாக இருக்கட்டும் என்று ஊர் பார்க்கும் ஃபோல்டரிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போயிருந்தார். உச்சியில் புரோகிராமரின் புகார், முழுப் பெயரோடு.

இயக்குநரிடம் ஓடினார். தம் கணினிக்குப் போர்த்தியிருந்த துணியை நீவிவிட்டபடி இயக்குநர் கேட்டார்.

"இதுவரைக்கும் யாராவது படிச்சாங்களா?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா, படிக்கலைன்னு அர்த்தம்."

"யார் வேணா படிக்கலாம் சார். கதவே இல்ல."

"திறக்காதேன்னு போர்டு இருக்கா?"

போர்டு இல்லாதது மாபெரும் குறையாகக் கருதப்பட்டது. குழு கூடி, ஆழ்ந்து ஆலோசித்து, ஃபோல்டரின் பெயரை "பரம_ரகசியம்_திறக்காதீர்" என்று மாற்றியது. முகப்புப் பக்கத்திலும் முழு முகவரியோடு அறிவித்தார்கள். எதைத் திறக்கக் கூடாது என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒரே வாரத்தில் தளத்தில் கூட்டம் அலைமோதியது. மக்களின் ஆர்வத்தை இயக்குநர் மனமாரப் பாராட்டினார்.

தன் புகாரை யாராவது அவர் காதில் போடுவதற்குள் என்று புரோகிராமர் மறுபடி ஓடினார்.

"சார், நாளைக்கு உங்க மேலயே ஒருத்தன் எழுதினா? ஊரே படிக்குமே!"

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பூட்டுய்யா! இப்பவே பூட்டு!"

பூட்டு என்றால் அப்படி ஒரு பூட்டு. ஃபோல்டர் பொதுவெளியை விட்டு உள்ளே போனது. பாஸ்வேர்டைப் புரோகிராமர் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை இயக்குநருக்குக் கொடுத்து, மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். தலையே போனாலும் என் பாதியைச் சொல்ல மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

சில நாளில் இயக்குநர் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உன் மேல ஒரு புகார் போட்டிருக்கிறதா யாரோ கவுண்டர்ல சொல்லிட்டுப் போனாங்களாமே?"

"என் மேலயா! யார் சார்? என்னன்னு எழுதியிருக்காங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? உள்ள பூட்டிக் கிடக்கு. அடுத்தவங்க புகாரைப் படிக்கிறது மகா தப்பு." கணினி மேலிருந்த துணியை மெல்ல உருவினார். "ஆனா, என் பாதி இதோ இருக்கு."

தலை போகவில்லை, யார் எழுதியது என்று குடைந்தது, அவ்வளவுதான். இயக்குநரின் பாதிக்குப் பின்னால் புரோகிராமர் தன் பாதியைத் தட்டினார். பூட்டைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பாதியும் சேர்ந்த பிறகுதான் திறந்தது.

முதலில் நின்றது அவர் மேல் வந்த புகார்தான்: "தங்கள் புரோகிராமர் அடுத்தவர் புகார்களைத் திறந்து படிக்கிறார் எனச் சந்தேகிக்கிறேன். நடவடிக்கை எடுக்கவும்."

"அபாண்டம் சார்!" என்று கொதித்தார். "நான் அப்படிப்பட்ட ஆளா?"

"சேச்சே, நீயாவது, படிக்கிறதாவது!" இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, திறந்தது திறந்தாச்சு. என் மேல எவனாவது எழுதியிருக்கானான்னு பார்த்துடுவோம். நீயே தேடு, உனக்குத்தான் கை வேகம்."