நாக்கண்ணையின் ஞாயிறு வைத்தியம்

இத்தாலியின் பலெர்மோவில் உள்ள அத்தனை தமிழரின் நாக்கையும் பார்த்த ஒரே மனிதர் நாக்கண்ணைதான். சொந்தப் பெயர் அவருடைய பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி அட்டையில் இருக்கும். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு சீன வைத்திய அம்மாவின் கிளினிக்கில் பன்னிரண்டு வருடம் நிலம் துடைத்தவர். துடைத்துக்கொண்டே படித்துவிட்டார். நாக்கில் வெள்ளை படிந்தால் உடம்பில் குளிர், மஞ்சள் என்றால் சூடு, ஓரத்தில் பல் தடம் தெரிந்தால் ஈரம். "உடம்பிலை ஓடவேண்டியது ஓடோணும் பிள்ளை. நிண்டால் நோவு!" ஊசி மட்டும் குத்தமாட்டார், குத்தவே கூடாதென்று அந்த அம்மா சத்தியம் வாங்கியிருந்தார்.

ஓகஸ்ட் வெயிலில் ஊரே ஐஸ் உறிஞ்ச, இவர் சுடுதண்ணீர் குடிப்பார். மொண்டெல்லோ கடற்கரையில் ஒருநாள் சட்டையைக் கழற்றினார். முதுகு முழுக்க வட்ட வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. நாரி, இடுப்பு நோவுக்குச் சூடு காட்டிய கண்ணாடிக் கோப்பை கவிழ்த்த அடையாளம். பக்கத்தில் இருந்த இத்தாலியப் பெண், "ஆக்டோபஸ் பிடித்ததா?" என்று கேட்டுவிட்டுத் தன் பிள்ளைகளைக் கடலிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்படிப்பட்டவரைக் கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணைத் தட்டுப் பிடிக்க விட்டது சுவாமியார் செய்த பிழை. சுவாமியார் அப்பத்தை நாக்கில் வைக்க, இவர் தட்டை ஏந்தியபடி ஒவ்வொரு நாக்காக ஆராய்வார். பூசை முடிந்ததும் வாசலில் நின்று தீர்ப்பு.

"தங்கச்சி, உனக்கு ஈரம். இஞ்சி அவிச்சுக் குடி."

"அண்ணை, நான் ஆண்டவருக்குத்தான் நாக்கை நீட்டினனான், உங்களுக்கில்லை!"

"ஓம், ஓம். ஆனால் பாத்தது நான்."

விஷயம் சுவாமியார் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிறு, "விரும்பினவை கையிலை வாங்கலாம்" என்று அறிவித்தார். விரும்பாதவர் யார்? வரிசை முழுக்கக் கைகள். அண்ணை வெறும் தட்டோடு நின்றார். பாவமாக இருந்தது.

அன்று என் இரண்டு கையிலும் கைக்குழந்தை மகள், நல்ல நித்திரை. வேறு வழியில்லாமல் நாக்கை நீட்டினேன். அண்ணை தட்டோடு குனிந்து பார்த்தார்.

வாசலில் இஞ்சி வரும் என்றுதான் போனேன். வரவில்லை.

"பிள்ளை, நாக்கு கடதாசி மாதிரி வெளிறிக் கிடக்கு. படி ஏற மூச்சு வாங்குதோ?"

"ஓம் அண்ணை. வேலைக் களைப்பு."

"இது என்ரை இஞ்சிக்கு அடங்காது. நாளைக்கே ஆசுப்பத்திரிக்குப் போ."

"வேலைக்குப் போகாட்டில் நான் துடைக்கிற வீட்டுச் சிஞ்ஞோரா வேறை ஆளைப் பிடிச்சிடுவா. வேலை போனால் பெர்மெசோவும் போகும்!"

"உனக்குப் பதிலா நான் போறன். எனக்குத் துடைக்கத் தெரியாதோ?"

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் விழுந்திருப்பாய் என்று டொக்டர் ஏசினார். இரண்டு கிழமை கழித்து, பயந்து பயந்து ஒரேத்தோத் தெருவில் சிஞ்ஞோரா வீட்டு மணியை அடித்தேன். கையில் சுடுதண்ணீர்க் கோப்பையோடு சிஞ்ஞோராவே கதவைத் திறந்தார். என் வேலை எனக்காகவே காத்திருந்தது. ஆனால் சிஞ்ஞோரா முதலில் கேட்டது, "அவர் இனி வரமாட்டாரா?" என்றுதான்.

மகள் இப்போது நடக்கிறாள். கோயிலில் என் இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன. எல்லோரும் கையில் வாங்க, நான் மட்டும் நாக்கை நீட்டுகிறேன். ஆண்டவருக்குத்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் கூடவே நீட்டுகிறேன். அண்ணை வடிவாகப் பார்க்கட்டும்.