அக்கா கல்யாணமும் ஒட்டாத கறுப்புப் பொடியும்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைப் பேசும்போது மனிதனுக்கு வருகிற கம்பீரம், முழுசாகத் தெரிந்தவனுக்கு ஒருநாளும் வருவதில்லை. முழுசாகத் தெரிந்தவன் "பார்க்கலாம்", "சொல்ல முடியாது" என்று இழுப்பான். நான் இழுத்ததே கிடையாது. இருபத்திரண்டு வயதில் என்னிடம் ஒரு பி.எஸ்ஸி. இயற்பியல் பட்டமும், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையும், எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற ஒரு வாயும் இருந்தன. பட்டம் செகண்ட் கிளாஸ். வாய் டிஸ்டிங்ஷன்.

கடையில் எனக்குக் கூட்டாளி வரதன். கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். அவன் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் கிறிஸ்தவப் பிள்ளை. படிப்பில் எங்களுக்குள் மதபேதமே இருந்ததில்லை, இரண்டு பேருமே சுமார். மெட்ராஸில் ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய மெஷினை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தோம். பீரோவைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். சில நாள் காகிதம் புகையோடு வெளியே வரும். அதையும் ஊதுபத்தி மாதிரிக் கையால் விசிறி அணைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் கொடுப்போம்.

அந்த மெஷினைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. உள்ளே வெளிச்சம் பட்டு, மின்சாரத்தின் இழுப்பில் ஒரு கறுப்புப் பொடி எழுத்து எழுத்தாகக் காகிதத்தில் வந்து உட்காரும். உட்காரும், அவ்வளவுதான், ஒட்டாது. வாசலில் போட்ட கோலம் மாதிரி. கடைசியில் ஹீட்டர் இருக்கிற உருளைக்கு அடியில் போகும்போதுதான் பொடி உருகிக் காகிதத்தோடு ஒட்டும். இதை நான் கடைக்கு வருகிற எல்லோருக்கும், அவர்கள் கேட்காமலே, விளக்கியிருக்கிறேன். (ரேஷன் கார்டு காப்பி எடுக்க வந்த ஒருவர் பாதி விளக்கத்தில் ரேஷன் கார்டை விட்டுவிட்டே போய்விட்டார்.)

அந்த மே மாதம் என் அக்கா ஃபிலோமினாவுக்குக் கல்யாணம். எங்கள் கோயில் கல்யாணங்களில் பூசைப் பாடல்களைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, மேலே பெண் மாப்பிள்ளை பெயரோடு எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். அப்பா பிரஸ்ஸில் கொடுக்கலாம் என்றார். நான் சிரித்தேன்.

"வீட்டுல ஜெராக்ஸ் கடைய வச்சுக்கிட்டு யாராவது பிரஸ்ஸுக்குப் போவாங்களாப்பா? நான் பார்த்துக்கிறேன்."

அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இயந்திரங்களை நம்புவார், என்னை நம்ப மாட்டார். "இவன் பார்த்துக்கிறேன்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்குதும்மா" என்று அக்காவைப் பார்த்தார்.

"தம்பி செய்வான்ப்பா. ஆசைப்படுறான்ல, விடுங்க" என்றாள் அக்கா. எனக்காக அவள் பரிந்து பேசிய கடைசித் தடவை அது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலைதான் வேலையை ஆரம்பித்தேன். (ஏற்கெனவே ஆரம்பித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பாவும் அதையேதான் கேட்டார்.) காப்பிகள் வந்து விழ விழ, என்ன தெளிவு! எழுத்து ஒவ்வொன்றும் மை தீட்டின கண் மாதிரி. வழக்கமாகச் சுட்ட அப்பளம் போலச் சூடாக வரும் காகிதம் அன்றைக்கு ஜில்லென்று வந்தது. மெஷின் இன்று நல்ல மனநிலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மொத்தமும் எடுத்து முடித்தபிறகு வரதன் ஒரு தாளை எடுத்து, மேலே உட்கார்ந்த ஈயை "ஃபூ" என்று ஊதினான். ஈ போனது. கூடவே முதல் பாட்டின் இரண்டு வரியும் போனது.

"டேய் ஆரோக்கியம்," என்றான், "உங்க அக்கா பேர்ல 'ஃபிலோ' இருக்கு, 'மினா'வைக் காணும்டா."

ஹீட்டர் செத்துப்போயிருந்தது. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டோம். ஆள் நாளை மறுநாள் வருவார் என்றார்கள். சந்துமுனையில் இன்னொரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஆனால் அது போட்டிக் கடை. சொந்த அக்கா கல்யாணத்துக்கு எதிரி கடையில் போய் நிற்பதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே! (அது மறுநாள் காலை வரைக்கும்தான் இருந்தது.)

"இதெல்லாம் ஒரு பிரச்சினையாடா? வேண்டியது சூடு. அது மெஷின்ல இருந்து வந்தா என்ன, அடுப்புல இருந்து வந்தா என்ன?" என்றேன். இந்த இடத்தில்தான் என் குரலில் அந்தக் கம்பீரம் வந்தது.

எங்கள் வீடு முழுக்க உறவுக்கூட்டம். அதனால் தாள்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினோம். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோது இரண்டு பேரும் பெட்டிமேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தோம். உள்ளே என்னவோ உயிருள்ளது இருக்கிறது என்று கண்டக்டர் சந்தேகப்பட்டார்.

வரதன் வீட்டில் முதலில் இஸ்திரிப்பெட்டி. ஒரே இழுப்பு. முதல் பாட்டு முழுசும் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த தாளில் வைத்தபோது இரண்டாம் பாட்டின்மேல் முதல் பாட்டு பதிந்தது, தலைகீழாக. அதற்குப் பிறகு வரதன் அப்பாவின் வேட்டிகளில் கொஞ்ச நாளைக்கு "அல்லேலூயா" இருந்ததாகக் கேள்வி.

"மேலேர்ந்து சூடு காட்டினாத்தானே இழுத்துண்டு வரது? கீழேர்ந்து காட்டலாம்" என்றான் வரதன். நல்ல யோசனை. தளிகை உள்ளுக்குப் போய் (அவர்கள் வீட்டில் சமையலறைக்கு அதுதான் பெயர்) தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, எழுத்து மேலே பார்க்கத் தாளைப் பரப்பினோம். கல் சூடேற ஏற, பொடி மினுமினுத்து, இளகி, அப்படியே காகிதத்தில் படிந்தது. ஊதிப் பார்த்தோம். அசையவில்லை! இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஓரம் மட்டும் கொஞ்சம் முறுகலாக இருந்தது.

முன்வரிசைக்கு வேண்டிய அளவு வெந்திருக்கும். அப்போதுதான் கோயிலுக்குப் போயிருந்த வரதனின் அம்மா திரும்பி வந்தார்.

"ஏண்டா வரதா, என்னடா இந்த நாத்தம்? பெருமாளுக்குத் தளிகை பண்ற எடத்துல என்னத்தைப் போட்டுப் பொசுக்கறேள்?"

"பாட்டு மாமி" என்றேன். வேறென்ன சொல்வது?

மாமி கல்லின்மேல் வெந்துகொண்டிருந்த தாளைக் குனிந்து படித்தார். "இது உங்க மாதா கோயில் பாட்டா? யாருக்குக் கல்யாணம்?"

"எங்க அக்காவுக்கு மாமி. நாளைக்குக் காலைல."

"நன்னா இருக்கட்டும், தீர்க்க சுமங்கலியா இருக்கட்டும்" என்று கையெடுத்து வாழ்த்திவிட்டு, அதே மூச்சில், "ஆனா அவ கல்யாணம் கோயில்ல நடக்கட்டும், என் தோசைக்கல்லுல வேண்டாம். அடுப்பை அணை. அந்தக் கல்லை இனிமே உங்க கடையிலேயே வச்சுக்கோங்கோ" என்றார்.

அன்றைக்கே அந்தக் கல் எங்கள் கடையின் அசையும் சொத்தாகிவிட்டது. ஆனால் அதை வைக்க அடுப்பு இல்லை. மீதித் தாள்கள் வேகாமலே நின்றன.

அங்கேதான் நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய விஞ்ஞான முடிவை எடுத்தேன். "வெந்ததை ஃபாதருக்கும் முன்வரிசைக்கும் குடுப்போம். வேகாததைப் பின்னாடி குடுப்போம். யாருடா பாட்டுப் புத்தகத்தத் தடவிப் பாக்கப்போறாங்க? ஓரத்தைப் பிடிச்சுப் படிப்பாங்க, வச்சுட்டுப் போயிடுவாங்க." அன்றிரவே ஓரங்களை மட்டும் பிடித்து, தாள்களை மடித்துப் புத்தகமாக்கினோம்.

திருச்சியில், மே மாதத்தில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத கோயிலுக்குள், கையில் காகிதம் கிடைத்த மனிதர்கள் அதை என்ன செய்வார்கள் என்பதை என் இயற்பியல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விசிறினார்கள்.

மறுநாள் காலை, அக்கா வெள்ளைப் பட்டுப்புடவையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளை செபாஸ்டின் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நான் கோயில் வாசலில் நின்று "ஓரத்தைப் பிடிங்க, ஓரத்தை மட்டும் பிடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் புத்தகம் கொடுத்தேன். புத்திசாலி அத்தை ஒருத்தி, "ஏன்டா, ஷாக் அடிக்குமா?" என்று கேட்டாள். முதல் பாட்டு முடிவதற்குள் கரண்ட் போனது. கோயில் முழுக்கப் பாட்டுப் புத்தகங்கள் ஒரே தாளத்தில் ஆடின. ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லிய கறுப்பு மேகம் ஒன்று எழும்பி, பரிசுத்த ஆவி போல எல்லோர்மேலும் இறங்கிற்று.

தும்மல் ஆரம்பித்தது. தும்மியவர்கள் மூக்கைத் துடைத்தார்கள். வேர்வைக் கை புத்தகத்தில், புத்தகக் கை முகத்தில். இரண்டாம் பாட்டின்போது பாதிப் பேர் கையில் வெறும் சாம்பல் நிறத் தாள்தான் இருந்தது. தெரிந்தவர்கள் பாடினார்கள், தெரியாதவர்கள் வாயை அசைத்தார்கள். பாட்டுக்குழு மாஸ்டர் மட்டும் வேகாத புத்தகத்தை முறைத்துக்கொண்டே, இல்லாத வரிகளை உரக்கப் பாடினார்.

அதைவிடப் பெரிது, சிலுவை அடையாளம். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு. பிரசங்கத்துக்கு எழுந்த ஃபாதர், தாளிலிருந்து தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தார். நெற்றிநெற்றியாகக் கரிப்பொட்டு.

"சாம்பல் புதன் எப்பவோ முடிஞ்சு போச்சேம்மா..." என்றார் மைக்கில்.

கோயில் முழுக்க ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டது. பின்வரிசையில் தன் பெற்றோருக்குத் துணையாக வந்திருந்த வரதன், தூணுக்குப் பின்னால் மெதுவாக மறைவதைப் பார்த்தேன்.

செபாஸ்டின் கையிலும் எப்படியோ ஒரு வேகாத புத்தகம் போயிருந்தது. அந்தக் கையால்தான் தாலி கட்டினார். மூன்று முடிச்சும் போட்டுக் கையை எடுத்தபோது, அக்காவின் இடது தோளில், வெள்ளைப் பட்டில், ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன.

பூசை முடிந்ததும் ஃபாதர் உடுப்பு மாற்றும் அறைக்குள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியே மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுப்பது கேட்டது. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அது திட்டுவதைவிட மோசம்.

அக்கா கண்ணாடியில் தோளைப் பார்த்தாள். அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏதாவது செய்தாக வேண்டுமே!

"அழுக்கு போக வெந்நீர்தான் சரி" என்றேன், பி.எஸ்ஸி. குரலில்.

யாரோ கோயில் அடுக்களையிலிருந்து கொதிக்கிற வெந்நீர் கொண்டுவந்தார்கள். அக்கா முந்தானைத் தலைப்பைத் தோளிலிருந்து எடுத்து நீட்டிப் பிடித்தாள். நான் ஊற்றினேன். பொடி மினுமினுத்தது. இளகியது. நேற்று தோசைக்கல்லில் பார்த்த அதே மினுமினுப்பு. எனக்குப் புரிந்தபோது கை நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

வாசலில் எட்டிப் பார்த்த வரதன் குனிந்து துணியைத் தடவினான். ஊதினான். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"ஃபிக்ஸ் ஆயிடுத்துடா" என்றான்.

அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்தச் சமயம் செபாஸ்டின் உள்ளே வந்தார். பேசவே பேசாத மனிதர், பேங்க் கிளார்க். எங்கள் எல்லோருக்கும் அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். புடவையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த ஒரு வேகாத புத்தகத்தை எடுத்து உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்து, தன் வெள்ளைச் சட்டையில், நெஞ்சின் இடது பக்கம், அழுத்தமாக ஒரு அப்பு அப்பிக்கொண்டார்.

"மச்சான்," என்றார் என்னிடம், "ஊத்துங்க."

"அத்தான், சூடா இருக்கு..."

"ஊத்துங்கன்னா."

ஊற்றினேன். "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட சத்தம் பீடம்வரை கேட்டது. அழுதுகொண்டிருந்த அக்கா அப்படியே சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் இரண்டு பேரும் கறுப்புக் கை முத்திரையோடுதான் நிற்கிறார்கள். அத்தான் கொஞ்சம் முன்னால் குனிந்தாற்போல நிற்பார். வெட்கம் இல்லை, கொப்புளம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், ரசம் சட்டையில் கொட்டினாலும் சரி, பையன் பரீட்சையில் ஃபெயிலானாலும் சரி, திருத்த முடியாத காரியத்துக்கெல்லாம் ஒரே வார்த்தைதான். பொன்மலைக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஸ்ரீரங்கத்து ராகத்தில், "ஃபிக்ஸ் ஆயிடுத்து" என்போம். வரதன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். அவன் சொன்ன வார்த்தை இங்கே குடியிருக்கிறது.

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கே.கே. நகரில் அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன வேலை என்று பேசிக்கொண்டிருந்தோம். நானும் தாய்மாமன், சும்மா இருக்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாட்டுப் புத்தகத்த வேணும்னா நான்..." என்று ஆரம்பித்தேன்.

அத்தான் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை முத்திரை அப்படியே இருந்தது, ஒரு விரல்கூட மங்கவில்லை. ஒரு பட்டனைக்கூடப் போட முடியவில்லை. தொப்பைக்கு இரண்டு பக்கமும் சட்டை திறந்து கிடக்க, என் எதிரில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"நான் பந்திய கவனிச்சுக்கிறேன் அத்தான்" என்றேன்.